கடைசி வரிசையில் ஜெயசீலி

மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன் அவர்களே, துணைவியார் ஜெயசீலியை இழந்து தவிக்கும் ஃபிரெடி அவர்களே, செம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, எங்கள் பேரிடர் ஆய்வு மையத்தின் இளம் ஆய்வாளர்களே! முனைவர் ஜெயசீலி அம்மையாரோடு அந்த மையத்தில் ஒன்றாக வேலை பார்த்த வேதசிரோமணி பேசுகிறேன். அவருடைய இந்த இரங்கல் கூட்டத்தில் அவர் பழக்கம் ஒன்றைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

வெள்ளம் வந்தால் யார் தலைமை தாங்குவது? வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்தான் என்பார் ஜெயசீலி. மக்களைக் கூட்டினால் இளையவர் முன்னே நிற்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். வேறெந்த அலுவலகத்தில் உண்டு இந்த வழக்கம்! நாம் இல்லாத நாளிலும் வெள்ளம் வருமே சார் என்பார்.

சென்ற ஆண்டு மழைக்கு முன் செம்பாக்கத்தில் கூட்டம். முன்னே நின்றவள் நம் மையத்தில் புதிதாகச் சேர்ந்த அபிகாயில். ஏரிக்கரையில் குடியிருக்கும் எல்லம்மா, இதோ இங்கேயும் வந்திருக்கிறார், எழுந்து கேட்டார்: "வூட்ட காலி பண்ணணுமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லும்மா." அபிகாயிலுக்கு விடை தெரியும். ஆனாலும் அவள் கண்கள் கடைசி வரிசைக்குப் போயின. ஜெயசீலி தலையசைத்தார். அதன் பிறகே பதில் வந்தது.

கூட்டம் நன்றாக நடந்ததென்று நாங்கள் மகிழ்ந்தோம். திரும்பும்போது வேனில் ஜெயசீலி மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "நான் லீடர்ஸை வளர்க்கலை சார். என் மூஞ்சியைப் பாத்துப் பேசுறவங்களை வளர்த்திருக்கேன்," என்றார். அடுத்த கூட்டத்திலிருந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் திரும்பவே இல்லை. அந்த முயற்சி பலித்ததா? சொல்ல அவர் இல்லை. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்!

இப்போது மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. மக்களை வெளியேறச் சொல்லலாமா என்று கேட்டு, நேற்று மையத்துப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்து நின்றார்கள். என் கண்களும் அவர் உட்காரும் இடத்தைத்தான் தேடின. ஜெயசீலி, எங்களை இப்படி விட்டுவிட்டுப் போகலாமா? இது நியாயமா?

நாளை எல்லம்மாவின் தெருவில் கூட்டம். உங்கள் பணியைக் குறைவின்றித் தொடர்வோம் என்று உறுதி கூற எனக்கு வாய் வரவில்லை. அபிகாயில், நாளை நீதான் முன்னே நிற்கிறாய். நான் அங்கே வரமாட்டேன். முடிவு உன்னுடையது, அது தவறிப்போனால் பழி என்னுடையது. ஜெயசீலிக்கு என்னால் தர முடிந்தது இவ்வளவுதான்.