ஈரக்குடையின் மூச்சு

“மேல போறப்ப குரல் கிழியுது, நான் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்—”

“கிழிஞ்சா என் குரல்தானே கிழியுது? உன் பெட்டியா கிழியுது?”

“அறுபத்தெட்டு வயசுல இதெல்லாம்—”

“அறுபத்தேழு.”

“—ஊரே சிரிக்கும்டி.”

“அந்தப் பொண்ணு சிரிக்கல. பாடிக் காட்டினேன், கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டா.”

“அதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.”

“உனக்கு என்ன குறைன்னு எனக்குத் தெரியாதா? உன் பெட்டிய கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம்னு சொல்லிட்டா. அங்கதானே சுடுது?”

“பாக்கெட்ல என்ன சத்தம்?”

“இன்ஹேலர்.”

“வெளிய வை.”

“இருக்கட்டும்க்கா, நான் என்ன அதை ஆட்டிக்கிட்டா பாடப்போறேன்—”

“வெளிய வை. வளையலையும் கழட்டு.”

நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய பதிவு இப்படித் தொடங்குகிறது. உங்கள் ஸ்பீக்கர் நல்லதில்லை; டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கிறது. என் குரல் தூரத்தில் கேட்பது அதனால் அல்ல. மைக் பாடும் அறைக்குள் இருக்கிறது, நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். கிட்டத்தில் கேட்பது என் தங்கை. வீட்டில் அவளைக் குட்டி என்போம். தலை முழுக்க நரைத்த பிறகும் குட்டிதான்.

ஈரக்குடை என்று நாங்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். குட்டி பாட்டு. நான் சின்தசைசர், கட்டை வைத்த மின்சார வாத்தியம்; அதைத்தான் அவள் பெட்டி என்கிறாள். என் வீட்டுக்காரர் டிரம்ஸ், பகலில் தச்சு வேலை. நெட்டையன் என்று ஒருவன் கிடார் வாசித்தான், பாதிப் பாட்டில் கண்ணை மூடிக்கொள்வான், எங்கே நிறுத்துவது என்று அவனுக்கு உதைத்துத்தான் சொல்ல வேண்டும். மெட்டு எல்லாம் என்னுடையது. நாங்கள் செய்ததற்கு மேல்நாட்டில் நியூ வேவ் என்று பெயர் என்பதே பிறகுதான் தெரிந்தது. மூன்று ஆல்பம் போட்டோம். மூன்றும் விற்கவில்லை. ரேடியோக்காரர் ஒருவர், “ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்துக்கு ஒரு பொண்ணு பாடுற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது தப்பில்லை. இரண்டாவது ஆல்பத்தில் நிஜமாகவே எங்கள் ஃப்ரிட்ஜ் இருக்கிறது.

ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணமில்லாமல், வீட்டுக்காரர் சாமான் வைக்கும் உள்ளறையைப் பாடும் அறையாக மாற்றினார். சுவரில் இரட்டைப் பலகை, அதன்மேல் மஞ்சள் ஃபோம், மெத்தை கனத்துக்கு ஒரு கதவு. உள்ளே பொத்தான் விழுந்தாலும் மைக் காட்டிக் கொடுக்கும். உள்ளே ஒருத்தர் கத்தினாலும் கூடத்தில் கேட்காது. அவர் வேலை அவ்வளவு சுத்தம். கதவின் உட்பக்கக் கைப்பிடி அவர் காலமான வருடம் கழன்று விழுந்தது. திரும்ப மாட்டுவதற்கு அவர்தான் இல்லையே. கதவில் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்திருந்தார். குட்டி உள்ளே இருந்து அதற்குத் திரை போட்டுவிட்டாள். பாடும்போது முகம் கோணுகிறதாம், யாரும் பார்க்கக் கூடாதாம். திரை அவள் போட்டது. அதை நான் போட்டதாக எழுதிவிடாதீர்கள்.

ஆகவே எங்களுக்குள் எல்லாமே சத்தத்தில்தான். கதவுக்கு வெளியே என் முன்னால், குரல்களைக் கூட்டவும் குறைக்கவும் மிக்சர் இருக்கும்; அவள் பாடுவது அதன் வழியாகத்தான் என் காதுக்கு வரும். அதில் ஒரு பட்டன் உண்டு. அதை நான் அழுத்திப் பேசினால் அவள் ஹெட்ஃபோனில் கேட்கும். பாட்டு சரியாக வந்தால் அழுத்தி, “ம், போதும்” என்பேன். வராவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன். திட்டினால் அவளுக்குக் குரல் சுருங்கிவிடும், அதற்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. நான் பேசாமல் இருந்தால் மறுபடியும் பாட வேண்டும் என்று அர்த்தம். ஒரு தரம் ஒரே வரியைச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் பாடிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, “நீ செத்துக்கித்துப் போயிட்டியோன்னு நினைச்சேன்” என்றாள். அன்று எல்லோரும் சிரித்தோம்.

என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துவந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் மர்மம் எதுவும் இல்லை. குட்டிக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஒரு மூச்சு இழுப்பாள். மேடையில் அது தெரியாது, பதிவில் தாங்காது. அவள் குரல் மட்டும் இருக்கும் டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, மூச்சு இருக்கும் இடத்தைப் பிடித்து, பிளேடால் வெட்டி எடுத்து, அதே நீளத்துக்கு வெறும் டேப் வைத்து ஒட்டுவேன். அதன் பிறகுதான் மற்ற வாத்தியங்களோடு சேர்ப்பது. மூன்று ஆல்பத்திலும் ஒரு மூச்சு விடாமல் வெட்டியிருக்கிறேன். துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. டப்பாவில் இருப்பது அவைதான். எல்லாம் மூச்சு, வேறொன்றும் இல்லை.

பிறகு எல்லோரும் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டோம். நெட்டையன் போன இடம் தெரியாது. நானும் குட்டியும் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டோம். அவளுக்கு மருந்து வாங்கி வருவது நான், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நான். தூசி கூடாது, புகை கூடாது, இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

அப்படி இருக்கும்போதுதான் பாட்டுக் கம்பெனிக்காரப் பெண் வந்தாள். பழைய சாமான் கடையில் எங்கள் மூன்றாவது ஆல்பம் அவள் கையில் கிடைத்திருக்கிறது. மற்ற இரண்டையும் தேடிப் பிடித்திருக்கிறாள். கிறுக்குத்தனம்தான், ஆனால் எனக்கே மறந்துபோன இடங்களை அவள் மேசையில் தாளம் போட்டுக் காட்டினாள். மூன்றையும் மறுபடி வெளியிடப் போவதாகச் சொன்னாள். இத்தனை நாள் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டது அநியாயம் என்றாள். நான் அடுக்களையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில்தான்.

“எப்படிம்மா அப்படிப் பாடினீங்க?” என்று அவள் குட்டியிடம் கேட்பது காதில் விழுந்தது. “மூச்சே விடாம? நான் போட்டுக் காட்டினவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மனுஷக் குரல் மாதிரியே இல்லன்னு.”

“அது அப்படியே வரும்” என்றாள் குட்டி.

அந்தப் பெண் போன பிறகு நான் சாதாரணமாகக் கேட்டேன். “அப்படியே வருமா?”

“வேற என்ன சொல்லச் சொல்ற? எங்க அக்கா பிளேடு வச்சிருந்தான்னா?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் பொறாமை என்று நினைத்தால் நீங்கள் தவறான இடத்தில் தோண்டுகிறீர்கள். பொறாமைப்படும் வயதா எனக்கு?

ஆல்பங்களின் புதிய அட்டைக்கு எங்கள் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் நிற்கிற படம். அட்டையில் குட்டி மட்டும் இருந்தாள், அவள் பக்கத்தில் என் தோள் கொஞ்சம். வெட்டு நேராக இருந்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன்.

அதோடு விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் புதிதாகப் பாட வைத்துச் சேர்க்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. வாசிக்கச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். “உங்க சவுண்டெல்லாம் எங்ககிட்ட இருக்கு ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன்தான்” என்றாள் என்னிடம், எனக்கு வேலை மிச்சம் என்கிற மாதிரி. முதலில் வீட்டிலேயே குட்டி பாடிப் பார்க்கட்டும் என்று ஒரு சின்ன ரெக்கார்டரை மாட்டி வைத்துவிட்டுப் போனாள்.

என் கவலை எல்லாம் ஆல்பங்களைப் பற்றித்தான். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குரல் மூச்சு விடாத குரல். அதை நம்பி நாளைக்கு ஆயிரம் பேர் காதில் வைத்துக் கேட்கும்போது, ஒரு கிழவி வந்து இழுத்து இழுத்துப் பாடினால், பழைய பாட்டெல்லாம் பொய்யாகிவிடும். எங்களிடம் இருந்தது அந்த மூன்று மட்டும். அவற்றைக் காப்பாற்ற வேறு யார் இருந்தார்கள்?

அன்று காலையில் பாடும் அறையைத் துடைப்பத்தால் தட்டினேன். ஃபோம் பழசாகி இற்றுப் போயிருந்தது. தட்டத் தட்ட மஞ்சள் மாவாக உதிர்ந்தது. நாலு சுவரையும் நன்றாகத் தட்டினேன். சுத்தம் செய்வதில் என்ன தவறு? தூசி அடங்கட்டும் என்று விட்டிருக்கலாம்தான். குட்டிக்குப் பொறுமை இல்லை. சத்தம் போட்டுக்கொண்டே போய் நின்றாள். மற்றதை நீங்கள் பதிவில் கேட்டீர்கள். பாடப் போகிறவர்கள் சத்தம் வரும் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அது அந்தக் காலத்திலிருந்தே எங்கள் சட்டம். வெளியே வந்து இன்ஹேலரை என் பெட்டியின் மூடிமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

பிறகு என் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எங்கள் ஆல்பங்களைக் கேட்டேன். முதலில் இருந்து வரிசையாக. இதுவும் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: அவற்றை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. செய்கிறபோது துண்டு துண்டாகக் கேட்டது. விற்காமல் போனபின் கேட்கப் பிடிக்கவில்லை.

நன்றாக இருக்கின்றன. வெட்கமில்லாமல் சொல்கிறேன். ‘முதல் பஸ்’ அவசரத்தில் செய்தது, எல்லாப் பாட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடும்; ஆனால் அந்த வயதில் மட்டும் வருகிற திமிர் அதில் இருக்கிறது. ‘கண்ணாடித் தொட்டி’யில் என் பெட்டி இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி வாசிக்கும், கீழே ஃப்ரிட்ஜ் ஓடும், வீட்டுக்காரர் தட்டாமல் காத்திருப்பார், காத்திருப்பார், இனி தாங்காது என்கிறபோது ஒரே ஒரு அடி. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. ‘வாடகைக்கு’தான் எல்லாவற்றிலும் உசத்தி. அதைக் கேட்கும்போதுதான் கண்டுபிடித்தேன்: நான் மூச்சை வெட்டிய இடத்திலெல்லாம் ஒரு சின்னக் குழி இருக்கிறது. காது அதில் தடுக்கி விழுந்து, அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறது. எல்லோரும் காதலிப்பது அந்தக் குழியைத்தான். அது குட்டி இல்லை. அது நான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

பதிவை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அதில் எல்லாம் ஏறியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் முறையில் மைக் மிக்சருக்கு வரும், மிக்சரிலிருந்துதான் டேப்புக்குப் போகும். மிக்சரில் நான் ஒரு குரலை இறக்கிவிட்டால் அது எனக்கும் கேட்காது, டேப்பிலும் ஏறாது. இல்லாத குரல்தான் அது. அந்தப் பெண் ரெக்கார்டரை மைக்கிலேயே நேராக மாட்டி, அதிலிருந்துதான் மிக்சருக்குக் கொடுத்திருக்கிறாள். இந்தக் காலத்து வழக்கமாம். நான் எதை இறக்கினாலும் அதற்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து, தூசியால் வந்த விபத்து என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், ரெக்கார்டரை எடுத்துப் போக வந்தாள். கூடத்தில் நின்றபடியே தொடக்கத்தைக் கேட்டாள். எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு குட்டி முதல் தடவை பாடியதைக் கேட்டாள். பாட்டு முடிந்த இடத்திலேயே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

“மூச்சை எல்லாம் எடுத்துடணும்மா” என்றேன் நான். “பிளேடு எங்கிட்ட இருக்கு.”

“வேணாம் ஆன்ட்டி. மூச்சோட இருக்கட்டும். அவங்க பாடினதிலேயே இதுதான் பெஸ்ட்.”

மீதியை அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டு, போலீஸில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதனால்தான் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆல்பங்கள் இப்போது ஓடுகின்றனவாம். கடைசியில் அந்த முதல் தடவைப் பாட்டையும் சேர்த்திருக்கிறார்களாம், மூச்சோடு. இனி அதை யார் வெட்டுவது?

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு எனக்குத் தண்ணீர் வேண்டும்.

கதவைச் சாத்திய உடனே நான் ஆல்பங்களைக் கேட்கவில்லை. முதலில் அவளைத்தான் கேட்டேன். முழுப் பாட்டையும். தூசி தொண்டையைப் பிடித்திருந்தது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தத் துருப்பிடித்த கேட் திறந்தது, அவள் அதன் வழியாக நடந்து வந்தாள். எங்கும் கிழியவில்லை. என் பெட்டி இல்லாமல், என் பிளேடு இல்லாமல், முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. முடித்துவிட்டு, “அக்கா, இன்ஹேலரைக் கொடு, நெஞ்சு அடைக்குது” என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. பட்டன் என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் அதை அழுத்தவில்லை. அவள் குரலை மிக்சரில் கீழே இறக்கினேன். ‘முதல் பஸ்’ஸைப் போட்டேன்.

அவள் கதவைத் தட்டவே இல்லை என்று சொன்னீர்கள். தட்ட மாட்டாள். தட்டினால் பதிவு கெட்டுவிடும். நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். எத்தனை தடவை பாடினாள் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். கடைசித் தடவை பாட்டே இல்லை, மூச்சு மட்டும்தான் இருக்கிறது. அதன் பின்னால் அவள் பேசுவதை உங்கள் அறையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த இடத்தை இன்னொரு தரம் போடுங்கள்.

“அக்கா… இப்பவாவது சரியா வந்துச்சா?”