துன்யாவின் காதுக்குள்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம், இப்படியே நன்றாக இருக்கிறது. களைப்பாக இருப்பதால் மெதுவாகத்தான் சொல்வேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் துன்யா பாடுவாள், ஒக்னென் டிரம்ஸ் அடிப்பான், ஒலிக்கு நான். நோவி சாத் நகரில் என் வீட்டு நிலவறையில்தான் ஆல்பத்தைப் பதிவு செய்தோம். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் குரலின் பிசிறுகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். அதைவிட நன்றாக அவளால் பாட முடியாது.

மேடையில் அத்தனையையும் காற்றில் பறக்கவிடுவாள். பாதியில் நிறுத்திச் சிரிப்பாள். உச்சத்தில் மைக்கைக் கூட்டத்திடம் நீட்டுவாள். ஜனங்கள் அதற்குத்தான் உயிரை விட்டார்கள். ஒருநாள் கச்சேரி முடிந்து புரேக் ரொட்டியைத் தயிரோடு தின்றுகொண்டே சொன்னாள்: “டேய் வூகா, உன் ரிக்கார்டு இஸ்திரி போட்ட சட்டைடா. போட்டுக்கிட்டு ஆட முடியாது.” ஒக்னெனுக்குத் தயிர் புரையேறியது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வலித்தது.

மேடையில் தன் குரலைக் கேட்க அவள் காதில் ஒரு கருவி செருகியிருப்பாள். அதன் அளவு என் கையில். விரலை மேலே தூக்கினால் குரலைக் கூட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தாளம் தவறாமலிருக்கப் பதிவையும் காதில் போடட்டுமா என்று கேட்டேன்.

“சரி, அந்தச் சட்டையும் உள்ள கிடக்கட்டும்” என்றாள்.

அவள் விரல் தூக்கும்போதெல்லாம் பதிவைத்தான் கூட்டினேன். தன் குரல் அமுங்கவே மறுபடி தூக்குவாள். ஒலி அளவு மீறாமல் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பைக் கோடை தொடங்கும்போதே எடுத்துவிட்டிருந்தேன். ஆகஸ்டில் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: “ஏன்டா எல்லாரும் கிசுகிசுன்னே பேசறீங்க?”

ஒக்னென் என்னைப் பார்த்தான். “அவ காதைக் கொஞ்சம் கவனிடா” என்றான். கவனிக்கிறேன் என்றேன்.

ஸ்ரெனியானின் ஊர்க் கச்சேரியில் முதல்முறையாக ஒரு பாட்டைப் பதிவில் இருப்பதுபோலவே முழுதாகப் பாடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பாட்டில் விரல் தூக்கினாள். நான் கடைசிவரை ஏற்றினேன். கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்தாள். இனி கேட்காது என்றார் மருத்துவர்.

ஒக்னென் புகார் கொடுத்தது சரிதான். விபத்து என்று எழுதாதீர்கள், தெரிந்துதான் செய்தேன். ஆனால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போய் ஆல்பத்தைப் போடுகிறேன். ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் அவள் அதைக் குறையே சொல்வதில்லை.