ஒரு அரிசி நீளம்

— ரேசர்னு என்கிட்டயே கதை விடறியா? காலை நீட்டு.

— கைக்கு வேக்ஸ் போடத்தானே வந்தேன் அண்ணி. காலை எதுக்கு நீட்டணும்?

— பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு வந்து படுத்திருக்க, கண்ணுல படாம இருக்குமா? 'காலுக்கு உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும், வீட்டுலயே ரேசர் போட்டுக்கறேன்'னு எத்தனை மாசமா சொல்லிட்டிருக்க. ரேசர் போட்ட காலா இது?

— ரேசர்தான். நீச்சல் குளத்துல புதுசா பொண்ணுங்க சேர்ந்திருக்காங்க. சொல்லிக் கொடுக்கறவ காலு கரடி மாதிரி இருந்தா, தண்ணிக்குப் பயப்படறதை விட்டுட்டு என்னைப் பாத்துப் பயப்படுவாங்க.

— இந்த பார்லர் தொறந்த நாள்லேர்ந்து 'ரேசரைத் தொடவே இல்லக்கா'ன்னு பொய் சொல்றவங்களைத்தான் பாத்திருக்கேன். தொட்டேன்னு பொய் சொல்ற முதல் ஆளு நீதான். ரேசர் போட்ட முடி மழுங்கலா வளரும், தடவினா குத்தும். இது பச்சைக் குழந்தை தலை மாதிரி இருக்கு. வேரோட இழுத்திருக்காங்க. எந்தக் கடை?

— ஸ்ஸ்! சூடு!

— சூடெல்லாம் இல்ல. என் மணிக்கட்டுல தொட்டுப் பாத்துட்டுத்தான் தடவறேன். பேச்சை மாத்தாதே பூனை. உங்க அண்ணன் உனக்கு இந்தப் பேரைச் சும்மா வைக்கல. சத்தமே இல்லாம அடுத்த வீட்டு அடுப்படிக்குப் போறவ நீ.

— என் புருஷன்கூட இப்படித் துருவ மாட்டாரு.

— அவருக்கு உன் காலைப் பத்தி என்ன தெரியும்? எனக்குத் தெரியும். தோலுக்கடியிலயே சுருண்டு வளர்ற முடி, அதைச் சுத்தி செவப்பு செவப்பா கொப்புளம். வேக்ஸ் போட்ட அன்னிக்கே குளோரின் தண்ணில குதிப்ப. இறுக்கமா பேன்ட் போடுவ. வாசனை கிரீமை அள்ளி அப்புவ. அரிச்சா நகத்தால கீறிக்குவ. ரெண்டு நாள் ஆறட்டும், அப்புறமா பீர்க்கங்காய் நாரால மெதுவா தேய்ன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வீங்கிச்சு. இப்பப் பாத்தா ஒரு பொட்டுக் கொப்புளம் இல்ல. யாரு உனக்குப் புத்தி சொன்னது?

— வயசாகுதுல்ல. புத்தி தானா வருது.

— உனக்கு. தானா. சரி, மூச்சை விடு.

— ஆஆ! வேணும்னே இழுத்தீங்க!

— சொந்தக்காரங்களுக்குத் தனி கவனிப்பு. முழங்கைகிட்ட இன்னும் சரியா வளரவே இல்ல, அதுக்குள்ள ஓடி வந்துட்ட. ஒரு அரிசி நீளமாவது இருந்தாத்தான் பிடி கிடைக்கும்னு சுவத்துல எழுதி மாட்டணும் போல.

— எல்லாரையும் கேள்வி கேக்கறீங்களே, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த வெக்கையில மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு முழுக்கை சட்டை எதுக்கு? ஃபேன் வேற செத்துச் செத்துச் சுத்துது.

— கடைன்னா ஒரு கண்ணியம் வேணாமா?

— ஊருக்கெல்லாம் அக்குள்ல முடி எடுக்கற கடைல கண்ணியம். நல்லா இருக்கு. அதை விடுங்க, குச்சி என்ன ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கறீங்க? குப்பைக்கூடை வழியுது பாருங்க. முன்னெல்லாம் ஒரே குச்சியை வேக்ஸ் டப்பாவுல முக்கி முக்கி ஒரு கல்யாண வீட்டையே முடிச்சுடுவீங்களே.

— குச்சி மலிவா கிடைச்சுது.

— மலிவா.

— ஆமா, மலிவா. காலைத் திருப்பு.

— கைன்னு சொன்னேனே.

— திருப்புன்னா திருப்பு... அடிப்பாவி! இது என்ன? குதிகாலுக்கு மேல ஒரு விரல் அகலத்துக்கு முடியை அப்படியே விட்டு வெச்சிருக்கா! மச்சத்தைச் சுத்தி எவ்வளவு பதமா ஒதுக்கி எடுத்திருக்கா. முட்டியை மடக்க வெச்சுத்தான் இழுத்திருக்கா. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே செஞ்சுட்டு, கடைசியில இங்க வந்து கோட்டை விட்டா எப்படி? பாக்கறவங்க என்னைப் பாத்துத்தானே சிரிப்பாங்க?

— உங்களைப் பாத்து எதுக்குச் சிரிக்கணும்?

— என்ன?

— இல்ல, 'நான் சொல்லிக் கொடுத்த மாதிரி'ன்னீங்க. யாருக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?

— எத்தனையோ பேருக்கு.

— அந்த எத்தனையோ பேர்ல உங்க வயித்துல பொறந்தவ ஒருத்திதான்.

— அந்த மகாராணி பேச்சு என் கடைல வேணாம்.

— நான் எங்க எடுத்தேன்? நீங்களே என் காலைப் பாத்துக் கண்டுபிடிச்சீங்க.

— எப்பலேர்ந்து நடக்குது இந்த நாடகம்?

— அவ கடை தொறந்ததுலேர்ந்து. முதல் கஸ்டமரே நான்தான். ஒரு தையல் கடைக்கு மேல சின்ன ரூம். ஒரு கட்டிலு, ஒரு ஃபேனு. ஃபேன் உங்களுதைவிட நல்லாச் சுத்துது. போட்டு அனுப்பிட்டா விட்டுடுவாளா? போன்லயே உயிரை எடுப்பா. 'அத்தை, தண்ணில இறங்கிட்டீங்களா? கற்றாழை தடவினீங்களா? நாரை எடுத்துத் தேய்ச்சீங்களா, இல்ல கொடியில காயப்போட்டு வெச்சிருக்கீங்களா?' அவளுக்குப் பயந்தே தேய்ச்சுடறேன்.

— அடேயப்பா. அத்தை கால்ல முடி முளைச்சா போன் பறக்குது. பெத்தவ இருக்காளா செத்தாளான்னு கேக்க மட்டும் அந்தப் போன்ல சார்ஜ் இருக்காது.

— நீங்க பண்ணலாமே.

— நான் ஏன் பண்ணணும்? அன்னிக்குக் கட்டில்ல ஒரு வக்கீலம்மா படுத்திருக்காங்க. வெளியே நாலு பேர் காத்திருக்காங்க. அத்தனை பேர் காதுல விழற மாதிரி, 'அம்மா, ஒருத்தர் தோல்ல பட்ட குச்சியைத் திரும்ப டப்பாவுல விடாதே, ஒருத்தர் அழுக்கு இன்னொருத்தருக்குப் போகும்'னு பாடம் எடுக்கறா. என் கடைல. எனக்கு. வக்கீலம்மா எந்திரிச்சுத் துப்பட்டாவைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. 'உனக்கு அவ்வளவு சுத்தம் வேணும்னா தனியா ஒரு கடை போட்டுக்கோ'ன்னேன். கோவத்துல எல்லாரும் சொல்றதுதானே? எவளாவது அதைக் கேட்டு நிஜமாவே கடை போடுவாளா?

— வேற எதைச் சொன்னாலும் கேக்க மாட்டாங்கறீங்க. இதை ஒண்ணைக் கேட்டுட்டா.

— உனக்கு வேற வாய் நீளுது.

— அண்ணி, அந்தக் குச்சி...

— மலிவா கிடைச்சுதுன்னு சொன்னேன்ல!

— சரி சரி. மலிவு. ரொம்ப மலிவு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இனிமே என்னால இந்த உளவு வேலை பாக்க முடியாது. உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு கை உங்களுக்கு, காலு அவளுக்குன்னு சொத்தைப் பிரிச்ச மாதிரி பிரிச்சுக் கொடுத்திருக்கேன். அங்க போனா 'அம்மா இளைச்சுட்டாங்களா'ன்னு ஒரு இழுப்பு. இங்க வந்தா நீங்க அவளைப் பத்தி வாயே தொறக்காம ஒரு இழுப்பு. நடுவுல என் தோலு பாவம்.

— இன்னிக்கு மட்டும் எப்படி மாட்டிக்கிட்ட? முழுப் பேன்ட்டை இழுத்து விட்டுட்டு வந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேனே.

— அப்பாடா. இவ்வளவு நேரம் கழிச்சு சரியான கேள்வி கேட்டீங்க. வேணும்னுதான் மடிச்சுட்டு வந்தேன்.

— என்ன?

— அந்த விரல் அகலம் அவ பாக்காம விட்டது இல்ல. வேணும்னு விட்டது. போன தடவையே அதை மட்டும் தொடாம ஒதுக்கிட்டா. 'இது நல்லா வளரட்டும் அத்தை. அம்மா கண்ணுல இது பட்டா சும்மா இருக்க மாட்டாங்க, திட்டுவாங்க. என்னைத் திட்டணும்னா என்னைப் பத்திப் பேசித்தானே ஆகணும்'னா.

— கள்ளி.

— யாரு மாதிரி?

— அவங்க அப்பா மாதிரி. அந்தக் காலைக் கொடு, அதை எடுத்து விடறேன். ம்ம். சரியா அரிசி நீளத்துக்கு வளர விட்டிருக்கா பாரு. திமிரு. என் கையில பிடி கிடைக்கணும்னு அளந்து விட்டிருக்கா.

— ஆ! அண்ணி, இது வலிக்கவே இல்ல. எப்படி?

— வாயை மூடு. கண்ணுல வியர்வை விழுது, அந்தத் துண்டை எடு.

— வியர்வையா அது?

— ஃபேன் சரியில்லன்னு நீதானே சொன்ன?

— சரி, வியர்வை. நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்? வரச் சொல்லட்டுமா?

— வந்து என்ன கிழிக்கப் போறா?

— அப்ப வேணாம்னு சொல்லிடறேன்.

— இரு. எதுக்கெடுத்தாலும் அவசரம். என் கையெல்லாம் வேக்ஸு. இந்தச் சட்டைப் பொத்தானைக் கழட்டி விடு. இந்தக் கை இல்ல, வலது கை. மேல ஏத்து.

— இதோ... ஐயையோ அண்ணி! இது என்ன, எங்க அண்ணன் கையைக் கடன் வாங்கி மாட்டிட்டு வந்த மாதிரி இருக்கு!

— சிரிக்காதே. இடது கைக்கு நானே போட்டுக்குவேன். வலது கைக்கு இடது கையால இழுத்தா பாதி முடி அறுந்து நிக்கும், மீதி தோலோட வரும். கடை மூடி ஷட்டரை இறக்கினதும் அவதானே எப்பவும் போட்டு விடுவா.

— அதுக்காக இத்தனை நாளா இப்படியேவா? இந்தத் தெருவுலயே எத்தனை பார்லர் இருக்கு!

— என் கையைத் தொடற அளவுக்கு அவளுங்களுக்கு வேலை தெரியாது. போனைப் போடு. அரிசி நீளமெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சுன்னு சொல்லு. குச்சி டப்பா நிறைய புதுசா இருக்குன்னும் சொல்லு.