பதினேழு இஞ்சு

பத்தொம்போது இஞ்செல்லாம் வேணாம் தம்பி, அத எடுத்து ஓரமா வை. பளபளன்னு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மாட்டற டயர்ல ரப்பர் எங்க இருக்கு சொல்லு? சக்கரத்துக்கு ரிப்பன் கட்டுன மாதிரி இருக்கு. ஒரு குழி, ஒரே ஒரு குழி, ரிம்மு கோணிக்கும். அப்புறம் நெளிசல் எடுக்க உங்கிட்டயே வரணும். நல்லா பொழைக்கிற.

சிரிக்காத. உன் மேல தப்பில்ல. ஸ்போர்ட்ஸ் கார்ல வந்து எறங்கினா எல்லாக் கடைக்காரனும் பெருசத்தான் மொதல்ல காட்டுவான். நானும் வியாபாரிதான். பழைய வண்டி வாங்கி விக்கிறேன், முப்பத்தஞ்சு வருசமா. பதினோரு வயசுல லாரிக்கு அடியில படுத்தவன், பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கல. எந்த வண்டியப் பாக்கப் போனாலும் மொதல்ல டயர ஒரு ஒத ஒதைப்பேன். ஒதச்சுட்டு உதட்டப் பிதுக்குவேன். வாயே தொறக்க வேணாம், விக்கறவன் அதுலயே பாதி எறங்கிருவான்.

ஆமா, வெளிய நிக்குதே, அந்தச் செவப்புதான். துணிக் கூர, ரெண்டே சீட்டு. மூஞ்சி மொத்தமும் நசுங்கிக் கெடந்தத இரும்பு வெலைக்கு வாங்கினேன். வித்தவன் இன்னும் எனக்குச் சாபம் விட்டுட்டுதான் இருப்பான். மூணு வருசம், நானும் எம் பொண்ணும் சேந்து எழுப்பினோம். வீட்டுக்காரி இல்லப்பா. பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்பவே அவ தவறிட்டா. வண்டியில ரெண்டு சீட்டு, வீட்டுல ரெண்டு பேரு. கணக்கு சரியா இருந்துச்சு.

இப்பவா? இப்ப அந்தச் சீட்டுல டூல்ஸ் பெட்டி வருது. அதுல ஒரு கூத்து கேளு. கனமா எத வச்சாலும் ஆளுன்னு நெனச்சுக்கும் போல இந்த வண்டி, பெல்ட் போடு பெல்ட் போடுன்னு கீ கீன்னு கத்தும். அதனால பெட்டிக்கும் பெல்ட் மாட்டிடறது. சிக்னல்ல நிக்கறப்ப பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பாப்பான். பாத்துட்டுப் போகட்டும்.

அது என்ன போர்டு, உன் தலைக்கு மேல? விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது. செவப்புல எழுதி அடியில ரெண்டு கோடு வேற. முன்னாடி இல்லையே இது. நீ சேர்றதுக்கு முன்னாடியே மாட்டிட்டாங்களா? சரி சரி, சும்மா கேட்டேன்.

சைஸ எழுதிக்க. கம்பெனி குடுத்தது எரநூத்தி அஞ்சு, அம்பத்தஞ்சு, பதினாறு. எனக்கு வேண்டியது எரநூத்தி இருவத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, பதினேழு. சக்கரத்தோட அகலம் ஏழர. பதினெட்டும் உக்காருமா? உக்காரும். எனக்கும் தெரியும். வேணாம்.

மீட்டர் முள்ளு மாறுமான்னு நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், மாறாது. ரிம்மு ஒரு இஞ்சு ஏறுது, ரப்பரோட ஒசரம் கொறையுது. அடியிலேந்து உச்சி வரைக்கும் அளந்தா பழசு அறுநூத்தி முப்பத்திரண்டு மில்லிமீட்டர், புதுசு அறுநூத்தி முப்பத்திநாலு. ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நம்பிக்கை இல்லன்னா கால்குலேட்டர்ல தட்டு. தட்டுப்பா, நான் நிக்கறேன்.

வந்துச்சா? வரும்.

அட, படிக்காதவன் இவ்ளோ சொல்றானேன்னு பாக்காத. இது என் கணக்கு இல்ல. இந்தா, இந்தக் காகிதத்துல இருக்கறது. பாத்து விரி, மடிப்புல கிழிஞ்சிருக்கு. கரண்டு பில்லு பின்னாடி எழுதினது. எம் பொண்ணு கையெழுத்து. அப்பவே டைப் அடிச்ச மாதிரி எழுதும். பார்ட்ஸுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டறது அதுதான், நான் எழுதினா எனக்கே புரியாது.

வேலைக்குப் போய் மொத மூணு மாசச் சம்பளத்தையும் சேத்து வச்சு, இந்த வண்டிக்கு நாலு சக்கரமும் டயரும் வாங்கிட்டு வந்துச்சு. எங்கிட்ட மூச்சு விடல. ஷெட்டுல துணி போட்டு மூடி வச்சு, கண்ண மூடுங்கப்பான்னுச்சு. தொறந்து பாத்தா சாம்பக் கலர்ல, ஆரக்கால் மாதிரி அஞ்சு கை வச்சு, அவ்ளோ அம்சம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? குனிஞ்சு டயர்ல இருந்த நம்பரப் படிச்சேன். என்ன வெலைன்னு கேட்டேன். வாய்ல மொதல்ல வந்ததே அதுதான்.

அப்பல்லாம் எனக்கு அந்த நடு நம்பரு என்னன்னு தெரியாது தம்பி. முப்பத்தஞ்சு வருசம் டயர ஒதச்சவன்தான், ஒரு நாளும் படிச்சுப் பாத்ததில்ல. அம்பத்தஞ்சுன்னா அவ்ளோ ரப்பரு, நாப்பத்தஞ்சுன்னா கம்மி ரப்பருன்னு நெனச்சுக்கிட்டேன். பழசுல அம்பத்தஞ்சு, இதுல நாப்பத்தஞ்சு. ரப்பரு கொறைஞ்சிருக்கு, காசு கூடியிருக்கு. பச்சப் புள்ளைய ஏமாத்திட்டானுங்க. ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. அது கத்துது, அப்பா அது மில்லிமீட்டர் இல்லப்பா, சதவீதம், அகலத்துல நூத்துக்கு நாப்பத்தஞ்சு, கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்னு. எனக்கா கணக்கு சொல்லித் தர்றேன்னு நாலு சக்கரத்தையும் லோடு வண்டியில ஏத்தி, அதையும் இழுத்துக்கிட்டு கடைக்கு வந்துட்டேன்.

ஆமா. இந்தக் கடைக்குத்தான்.

அன்னிக்கு இங்க இருந்தவங்க கத கதையா சொல்லிருப்பாங்களே, ஒருத்தன் வந்து மேசையத் தட்டிக் கூப்பாடு போட்டான், நீங்கல்லாம் மனுசங்களான்னு கேட்டான்னு. கேள்விப்பட்டிருக்கியா? நல்லாத்தான் சொல்லிருக்காங்க. அது நான்தான். உன் தலைக்கு மேல தொங்கற போர்டு எனக்காக மாட்டினது.

ஒரு பைசா பாக்கி இல்லாம திருப்பி வாங்கிட்டேன்ல. அதான் கொடும, அன்னிக்கு நான்தான் ஜெயிச்சேன். வெளிய வந்து பணத்த அது கையில வச்சு, பாத்தியா, அப்பன் இருக்கற வரைக்கும் உன்ன ஒருத்தன் ஏமாத்த முடியாதுன்னேன். இங்க அத்தன பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க. அது பணத்த வண்டிச் சீட்டு மேல வச்சுது. நடந்தே வீட்டுக்குப் போச்சு. மறுவாரம் வேலைய வெளியூருக்கு மாத்திக்கிட்டுக் கெளம்பிருச்சு. ரெண்டு வருசம் ஆச்சு. போன் அடிச்சா அடிக்கும். அவ்ளோதான்.

நெல்லக் கொட்டினா அள்ளலாம், சொல்லக் கொட்டினா அள்ள முடியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

காகிதம் அப்புறம் கெடச்சது. நாலு மாசம் கழிச்சு ஆர்.சி. புக்கத் தேடறப்ப வண்டிப் புஸ்தகத்துக்குள்ள இருந்துச்சு. நூத்துக்கு நாப்பத்தஞ்சுன்னா என்னன்னு எதுத்த கடைக்காரர் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாரு. எரநூத்தி இருவத்தஞ்சுல நாப்பத்தஞ்சு சதவீதம் நூத்தி ஒண்ணு. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அடியில பாரு, கட்டம் போட்டு எழுதியிருக்கில்ல, அதப் படி. நீ படி, எனக்குக் கண்ணாடி இல்ல.

பதினெட்டு போட்டா இன்னும் அழகு. ஆனா அப்பாவுக்கு முதுகு தாங்காது.

ம்.

அதான் பதினேழு. அதே சாம்பக் கலர், அஞ்சு கை. இப்ப வர்றதில்லையா? குடோன்ல பாரு. நான் திருப்பிக் குடுத்ததே மூலையில கெடந்தாலும் கெடக்கும், சைஸு எவனுக்கும் தோதாப் போயிருக்காது. போய்ப் பாரேன். நான் எங்க ஓடப் போறேன்.

...இதேதான். தூசி தொடைச்சா போதும். இங்க பாரு, இந்தக் கை மேல கீறல், நான் அன்னிக்கு இறக்கறப்ப போட்டது. இருக்கட்டும், பாலீஷ் வேணாம். டயர் மட்டும் புதுசு போடு.

வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டிரணும் தம்பி. சனிக்கிழமை வருது. எங்கிட்ட சொல்லல, பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட சொல்லியிருக்கு. சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு சாயங்காலமே கெளம்புதாம். நான் வாசல்லயே வண்டிய நிறுத்தி வச்சிருவேன். சின்ன வயசுலேந்து அதுக்கு ஒரு பழக்கம், எந்த வண்டி நின்னாலும் குனிஞ்சு மொதல்ல சக்கரத்தத்தான் பாக்கும், அப்புறம்தான் ஆளப் பாக்கும். எம் மொகத்தப் பாக்குதோ இல்லையோ, அதத் தாண்டித்தானே உள்ள வரணும்.

என்னது, கொறச்சா போட்டிருக்க? யாரு கொறைக்கச் சொன்னா உன்ன? பழைய சரக்கா இருந்தா இருக்கட்டும். அது அன்னிக்குக் குடுத்த வெலைய அப்படியே போடு. பில்லு இருக்கும், தேடி எடு.

சாவி இந்தா. அந்தப் பெட்டிய மட்டும் சீட்ட விட்டு எறக்கி வச்சிரு, இனிமே பின்னாடி டிக்கியிலயே கெடக்கட்டும். பாத்து தூக்கு, பெல்ட் போட்டிருக்கும்.