வெண்டலின் பெயருக்குக் காவல்

யார் கேட்டாலும் பிறந்த தேதியை உடனே சொல்லிவிடக் கூடாது, ஆபீசர். இங்கே டுலூத் நகரத்தில் முதியவர்களுக்கு நான் நடத்தும் வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்வேன்.

என் கணவர் ஆர்லோ சொல்லிவிட்டவர். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். சமூகப் பாதுகாப்பு எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். எவனோ அவர் பெயரில் புளோரிடாவில் வீடு பிடித்தான், கார் வாங்கினான், கைதுகூட ஆனான். தான்தான் ஆர்லோ என்று என் கணவரால் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார்.

அதனால்தான் பக்கத்து வீட்டு வெண்டல் க்ரோக்ஸ்டாட் மீது எனக்கு அக்கறை. மனைவியை இழந்தவர், வெகுளி. பரிசு விழுந்திருக்கிறது என்று அழைக்கும் மோசடிக்காரனிடமும் ஏரியில் மீன் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சம்மதத்தோடுதான் தபால்களை என் முகவரிக்கு மாற்றினேன். பிறகு அவர் கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டேன். சாவி என்னிடம் இருந்தது.

"எங்கிட்ட திருட என்ன இருக்கு லோர்னா? இந்த முட்டிவலிய எவனாவது திருடிட்டுப் போனா காபி போட்டுக் குடுத்து அனுப்புவேன்" என்று சிரித்தார்.

ஒரு நாள் அந்தக் கைபேசியில், ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் அவர் மகள் மாரித் அழைத்தாள். குரலை வைத்து நம்ப முடியாது. இப்போது குரலையும் திருடுகிறார்கள். சிறுவயதில் வளர்த்த நாயின் பெயரைக் கேட்டேன்.

"எங்க வீட்ல நாயே கிடையாது. நீங்க யாரு? அப்பாகிட்ட குடுங்க."

சரியான பதில்தான். நாய் வளர்த்ததில்லை என்று வெண்டலே சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் கோபப்பட்டாள். மோசடிக்காரர்கள் அப்படித்தான் அவசரப்படுத்துவார்கள். அந்த எண்ணைத் தடுத்துவிட்டேன். மாரித் கூப்பிடவே இல்லையா என்று வெண்டல் அடிக்கடி கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு அவர் மீன் கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஏரி உறைந்திருந்த சமயத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். மருத்துவமனையில் நுழைந்ததுமே எல்லா விவரமும் கேட்பார்கள், சுற்றிலும் நிற்பவர்கள் காதில் விழும் என்று பொறுமையாக விளக்கினேன்.

"விழுந்துட்டுப் போகட்டும் லோர்னா. என் பேருதானே" என்றார்.

நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

இறந்தவர்களின் பெயர்களைத்தான் திருடர்கள் முதலில் தேடுவார்கள். நாளிதழில் இரங்கல் செய்தி வந்தாலே போதும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் படகுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினேன். பனி உருகி வாடை வராமல் இருந்திருந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் உங்களை அழைத்திருக்க மாட்டார்கள்.

அவருடைய ஓய்வூதியம் என் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அவர் கையெழுத்து எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது. வங்கியிலிருந்து அழைத்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெண்டல்தான் பேசறேன்" என்பேன். ஒருமுறைகூட யாரும் சந்தேகப்பட்டதில்லை.

வெளியே அழுகிற பெண் மாரித்தான் என்கிறீர்கள். இருக்கலாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் அப்பாவின் பெயரை இன்றுவரை ஒரு திருடனும் தொடவில்லை.