புளி போட்டு விளக்கிய ஜெர்மன் பேட்ஜ்

கீரனூரில் திருச்சி பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் தன் மடியிலிருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்து பார்த்ததும் குரல் எழும்பியது.

"ஜெர்மன்காரன் பேட்ஜைப் புளி போட்டா வெளக்குன?"

"வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோட சேத்து வெளக்குனேங்க. கறுத்துப்போயிக் கெடந்துச்சு."

"அந்தக் கறுப்பைப் பாத்துத்தான் அசலா போலியான்னு, நாம பாக்கப் போற அந்தப் பழம்பொருள் பாக்குற திருச்சிக்காரரு சொல்லுவாராம். தாத்தா பட்டாளத்துல இருந்தப்ப ஜெர்மன் சண்டையில எடுத்தாந்ததுன்னு இனி யாரு நம்புவா? கடையில வாங்குனதுன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"ஒங்க தாத்தா பொய் சொல்ற ஆளா?"

"எனக்குத் தெரியும். அண்ணனுக்குக் காட்ட ஒரு சாட்சி வேணும்ல?"

பஸ் மாத்தூரில் நின்று கிளம்பியது. பிறகு அவரே டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"சரி விடு. பின்னாடி ஊக்கு இருக்குல்ல? அந்தக் காலத்து ஊக்கை வச்சே கண்டுபிடிச்சிருவாராம்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, அது ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஒங்க அண்ணன் முன்னால கழண்டு விழுந்துறக் கூடாதுன்னு, பத்தர்கிட்ட குடுத்துப் புது ஊக்கு வச்சிட்டேன்."