நிறுவனர்களை வராந்தாவில் அமர்த்திய இயக்குநர் அம்மாவுக்கு

கேட்ட கேள்விக்கு விடை கூறாமலேயே எங்களைக் கரையேற்றிய கருணையே! தலைவர்களை உருவாக்குவதற்காகத் தலையிடாமல் இருந்த தகைமையே! நீண்டு நெளிந்த கூட்டங்களை ஒரே கனைப்பில் நிறுத்தும் நேர்த்தியே! பாராட்டு என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று பறந்துவிடும் பண்பே! இன்று மேடையில் நடு நாற்காலியில் அமர்த்தி, இருபுறமும் ஆள் வைத்திருக்கிறோம், பறக்க வழியில்லை. வணக்கம்.

கடலே, மலையே, கலங்கரை விளக்கே என்றெல்லாம் தங்களை விளிக்க முதல் வரைவில் இடம் ஒதுக்கியிருந்தோம். "கடல்னா உப்பு, மலைன்னா மூச்சு வாங்கும். எதுக்கு வம்பு? அம்மான்னே போடுங்க" என்று கணக்காளர் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே, அம்மா!

சின்னஞ்சிறு தொண்டு அமைப்புகளுக்குத் தலைமைப் பயிற்சி அளித்து, தொடங்கியவர் ஒதுங்கிய பிறகும் அவை தம் காலில் நிற்கக் கற்றுத்தருவது நம் நடுவத்தின் பணி. அப்பணியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயக்குநராக இருந்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள். நாளை அந்த நாற்காலியில் அமரவிருப்பவர் நம் மூத்த பயிற்றுநர். எதை விளக்கினாலும் பலகையில் முதலில் ஒரு முக்கோணத்தைப் போட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார் என்பதால் அவருக்கு முக்கோணம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய மனைவியே ஒருமுறை தொலைபேசியில், "முக்கோணம் சாப்பிட்டாரா?" என்று கேட்டதுண்டு.

அம்மா உண்மையிலேயே போகிறாரா, அல்லது முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்துவிடுவாரா? கடந்த சில வாரங்களாக நம் அலுவலகத்தில் பேசப்பட்டதெல்லாம் இதுதான். எங்களுக்கு அது வம்புப் பேச்சு. முக்கோணத்துக்கோ வாழ்க்கைப் பிரச்சினை. தாங்கள் அடுத்த அறையில் இருக்கும்வரை அவர் இயக்குநர் ஆகமாட்டார். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநராகவே காலம் தள்ளுவார். இதை நாங்கள் அறிவோம். எங்களைவிட அவர் அறிவார். இம்மடலை இப்போது உரக்கப் படித்துக்கொண்டிருப்பவரும் அவரே. படிக்கும் பொறுப்பை ஒப்படைத்தபோது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. திறன் மேம்பாடு என்பது அதுதானே!

அம்மா! அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை, மடக்கு நாற்காலிகள், இயந்திரம் ஓடும்போதெல்லாம் நடுங்கும் தரை: இதுதான் தாங்கள் பொறுப்பேற்ற நடுவம். தலைமைப் பண்பு பற்றிய முதல் வகுப்புக்கு வந்தவர்கள், தரை நடுங்கியதைத் தங்கள் பேச்சின் வேகம் என்று நினைத்துக் கைதட்டினார்களாம். அப்போதெல்லாம் பயிற்சி என்றால் வண்ணத் தாள் ஒட்டுவது, வட்டமாக நின்று பந்தை எறிவது, பிறகு "நமது தொலைநோக்கு" என்று நான்கு வரி எழுதி, யாரும் பார்க்காத சுவரில் மாட்டுவது. தாங்கள் அந்தப் பந்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். எந்த அமைப்பு பயிற்சிக்கு வந்தாலும், அதைத் தொடங்கிய நிறுவனர் பாதி வகுப்பில் எழுந்து வெளியே போய், வராந்தாவில் கிடக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே அவருடைய ஆட்கள் அவரில்லாமல் பேசுவார்கள்.

அந்தப் பெஞ்சு கண்ட பெருமக்கள் எத்தனை பேர்! பார்வையற்றோர் நூலகத்தைத் தொடங்கியவர், தெருநாய்க் காப்பகத்தைக் கட்டியவர், விபத்து உதவிப் படையின் தளபதி என எல்லாரும் அதில் அமர்ந்து நகம் கடித்திருக்கிறார்கள். தளபதி கதவில் காது வைத்துப் பிடிபட்டார்.

"நான் இல்லாம உள்ள அப்படி என்னதாம்மா பேசுவாங்க?" என்று அவர் பொருமினார்.

"நீங்க இருந்தப்போ பேசாததை" என்றீர்கள். அவர் போய்ப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டார்.

எங்களுக்கும் அதே மருந்துதான். கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், அறிக்கையை எப்படி முடிப்பது, வாடகை நாற்காலி போதுமா என்று எதைக் கேட்டு வந்தாலும், தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கீழிறக்கி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பீர்கள். முதல் ஆண்டில் அதைப் பணிவு என்று எண்ணினோம். இரண்டாம் ஆண்டில் இவருக்கு ஒன்றுமே தெரியாதோ என்று ஐயுற்றோம். பிறகுதான் தெரிந்தது, எங்கள் வாயிலிருந்து விடை வரும்வரை எங்களை விடாத விடாக்கண்டர் தாங்கள் என்று. இவ்வளவு பக்குவம் வந்தும் முக்கோணம் மட்டும் நாளுக்கு நான்குமுறை தங்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். தலைமைப் பண்பைப் பற்றி அவர் பேசினால் மழையே நின்று கேட்கும். ஆனால் குடை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்.

அவர் மாறிய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஐயா முக்கோணமே, தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள்.

மறதி நோயால் பெற்ற பிள்ளையின் முகமே மறந்துபோன முதியோரைக் காலையில் வாங்கி, மாலையில் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பகல் இல்லம் ஒன்று. அதைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. போஸ்ட்மாஸ்டர் என்றே எல்லாரும் அழைப்பார்கள். பொன்னான மனம். ஆனால் வாயிற்கதவு, மருந்து அலமாரி, சர்க்கரை டப்பா எல்லாவற்றின் சாவியும் அவர் இடுப்பில். செவிலி ஒரு மாத்திரை எடுக்க, சமையற்காரர் ஒரு கரண்டிச் சர்க்கரை எடுக்க, வேன் ஓட்டுநர் டயருக்குக் காற்றடிக்க, எதற்கும் அவர் வந்தாக வேண்டும். அவருக்கு அதிகாரப் பகிர்வு கற்பிக்க முக்கோணம் அனுப்பப்பட்டார்.

கற்பித்தார் ஐயா, கற்பித்தார்! நாள்முழுக்க முக்கோணங்கள். மாலையில் வராந்தா முடிந்து உள்ளே வந்த போஸ்ட்மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷமா நான் யாரையுமே வளர விடலை. இனிமே இந்த அதிகாரம் எனக்கு வேண்டாம்" என்று சாவிக்கொத்தை அவிழ்த்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் செவிலியைக் கடந்தார், சமையற்காரரைக் கடந்தார், ஓட்டுநரைக் கடந்தார். நேரே வந்து அதை முக்கோணத்தின் உள்ளங்கையில் வைத்தார். நம்மவர் வேண்டாம் என்றிருக்கலாம். புகைப்படத்துக்கு நின்றார். அந்தப் படம் நம் ஆண்டறிக்கையில் "வெற்றிக் கதை" என்ற தலைப்பில் பளபளவென்று வந்தது. அதிகாரத்தைப் பகிரச் சொல்லிக்கொடுக்கப் போய் மொத்தத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்த மாட்சிமை உலகில் வேறு எந்த நடுவத்துக்கு வாய்க்கும்!

சாவி கைக்கு வந்த அன்று இரவே முக்கோணம் தங்களுக்குத் தொலைபேசி செய்தார்.

"அம்மா, சாவி எங்கிட்டயே வந்துடுச்சும்மா!"

"பலே. அப்போ காலையில கேட்டைத் திறக்கிறது யாரு?"

"நான்தான்... ஏம்மா, தப்போ? என்ன பண்ணட்டும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் நினைக்கவில்லை, திறந்தார். சில வாரங்கள் நன்றாகவே ஓடின. கேட்டுக் கேட்டே பழகிய மனிதரை இப்போது எல்லாரும் கேட்டார்கள். சர்க்கரைக்கு அனுமதி தரும் இன்பம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நடையே மாறி, இடுப்பில் கிணுகிணு என்று ஓசை எழ நடந்தார். பிறகு ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் கிடந்தார். சாவி தலையணைக்குக் கீழே கிடந்தது. பகல் இல்லத்தின் வாசலில் தூறல். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாத முதியோர் சாலையோரத்தில் நனைந்து நின்றார்கள். ஒருவர் இது நம் வீடில்லை என்று நடக்கத் தொடங்க, செவிலி ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினார். பேருந்து நடத்துநரான ஒரு மகள், அப்பாவைத் துப்பட்டாவால் போர்த்தியபடி முக்கோணத்தை அழைத்தார்.

"சார், உங்களுக்குக் காய்ச்சல்னா மாத்திரை போடுங்க. எங்கப்பாவை ஏன் சார் மழையில நிக்க வைக்கிறீங்க?"

காய்ச்சல் உடம்போடு ஆட்டோவில் போய் இறங்கினார் முக்கோணம். பலகையைத் தேடவில்லை. தங்களை அழைக்கவில்லை. வாயிற்கதவும் மருந்து அலமாரியும் செவிலிக்கு, சமையற்கட்டு சமையற்காரருக்கு, வேன் சாவி ஓட்டுநருக்கு என்று அங்கேயே பிரித்துக் கொடுத்தார். "யாராவது வரலைன்னா அன்னைக்கு யார் பார்க்கணும்ங்கிறதை நீங்க மூணு பேரும் பேசி வச்சுக்குங்க. என்கிட்ட சொல்ல வேண்டாம்" என்று கூறிவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியில் துவண்டு விழுந்தார். போஸ்ட்மாஸ்டர்தான் அவருக்குக் கஞ்சி ஊற்றினார். சமையற்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார். அந்த இல்லம் இன்றுவரை ஒருநாளும் மூடியதில்லை.

அப்போது எங்களில் சிலர் தங்கள்மேல் கோபப்பட்டோம் என்பதையும் பதிவு செய்கிறோம். ஒரு சொல் முன்பே சொல்லியிருந்தால் அந்த முதியோர் நனைந்திருக்கமாட்டார்களே! தாங்கள் எங்களிடம் வாதாடவில்லை. அந்த மகளின் வீட்டுக்குத் தாங்களே போய், "தப்பு அவர் ஒருத்தரோடது இல்லம்மா, நானும் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அறிவின் சிகரம் என்று தங்களை அழைக்க எங்களுக்குத் தயக்கம் இருப்பது அதனால்தான். சிகரங்கள் யார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்பதில்லை.

இனி, சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டம். நம் தலைவர் அவர்கள், மேடையில் தங்கள் வலப்புறம் வீற்றிருக்கும் பெருந்தகை, அன்று பெரிய பை ஒன்றோடு வந்தார். "அம்மா இல்லாம இந்த நடுவமா? நினைச்சே பார்க்க முடியலை. அவங்க அறை அப்படியே இருக்கும். தினம் வந்து வழிகாட்டுவாங்க" என்று கூறிப் பையிலிருந்து ஒரு பித்தளைப் பலகையை எடுத்தார். "நிரந்தரக் கௌரவ முதன்மைத் தலைமை ஆலோசகர்" என்று பொறித்தே கொண்டுவந்துவிட்டார். பட்டத்தின் நீளத்துக்குக் கதவு போதுமா என்பதொன்றே எஞ்சிய ஐயம். எல்லாரும் கைதட்டினோம். ஆம், நாங்களும்தான்.

தாங்கள் கைதட்டவில்லை, மறுக்கவும் இல்லை. தங்கள் விரல் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம். அம்மா, பொறுத்தருள்க: பெஞ்சுக்குப் போகச் சொன்னதும் நிறுவனர்கள் முகத்தில் வருமே ஒரு வாட்டம், அது அன்று தங்கள் முகத்தில் இருந்தது.

"வேண்டாம் ஐயா" என்றது ஒரு குரல். முக்கோணத்தின் குரல்.

"என்ன வேண்டாம்? பலகை சின்னதா இருக்கா?" என்றார் தலைவர்.

"அம்மா வேண்டாம்."

கணக்காளர் அக்கா தேநீர்க் குவளையைத் தட்டோடு கீழே வைத்தார். தலைவர் பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதேனும் விளக்கம் இருக்குமோ என்பதுபோல.

"அம்மா பக்கத்து ரூம்ல இருந்தா நான் போய்க் கதவைத் தட்டுவேன் ஐயா. என்னை எனக்குத் தெரியும். அவங்க பதில் சொல்லமாட்டாங்க, ஆனாலும் தட்டுவேன். நான் தட்டுறதைப் பார்த்து இவங்க எல்லாரும் தட்டுவாங்க. ஊர்ல இருக்கிற சங்கத்துக்கெல்லாம் போய், தொடங்கினவங்க விட்டுட்டுப் போகணும்னு சொல்லிட்டு, நம்ம வீட்டுல மட்டும்..." என்றவர், தங்கள் பக்கம் திரும்பினார். "நான் தப்புப் பண்ணுவேம்மா. நிறையப் பண்ணுவேன். ஆனா அதை நான் பண்ணணும்."

தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். தேவைக்கு மேலேயே துடைத்தீர்கள். பிறகு, இந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் எங்களில் எவரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டீர்கள்.

"அப்போ நான் என்ன பண்றது?"

கணக்காளர் அக்காதான், "வீட்டுக்குப் போங்கம்மா. பாவம் உங்க வீட்டுக்காரர், கல்யாணம் ஆனதுலேருந்து மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுறாரு" என்றார். தாங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே பித்தளைப் பலகையைத் தலைவரின் பைக்குள் தாங்களே வைத்து, பையின் வாயை இழுத்துக் கட்டினீர்கள். அறைகூவல் விடுத்து ஆட்சிகளைத் துறந்தோர் கதைகளை நாங்கள் அறியோம். ஒரு பையின் கயிற்றை முடிச்சுப் போட்டுத் துறந்தவரை அறிவோம். தாங்கள் தந்த கொடைகளில் தலையாயது எதுவென்று கேட்டால், அந்த முடிச்சு என்போம்.

அம்மா! தங்கள் அறையை நேற்றே பயிற்சிக் கூடமாக்கிவிட்டோம். தங்கள் மேசை சன்னலோரமா, சுவரோரமா என்று பகல் முழுவதும் சண்டை. முக்கோணம் சன்னல் என்றார், எங்களில் பாதிப்பேர் சுவர் என்றோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மதிய உணவு உண்டோம். முடிவில் மேசையை நடுவில் போட்டிருக்கிறோம். போவோர் வருவோர் எல்லாரும் இடித்துக்கொள்கிறார்கள். தவறான முடிவு என்றே தோன்றுகிறது. மாற்றுவோம், அல்லது பழகிக்கொள்வோம்.

நோயறியா உடலும், நொடியறியா மனமும், நேரம் பாராத காலை உறக்கமும், இருவராய் அமர்ந்துண்ணும் நண்பகல்களும் தங்களுக்கு நீண்டு நிறைக! எங்களை நினைத்துக் கவலை வரும்போதெல்லாம் காலாற நடந்துவிட்டு வருக. எங்கள் திசையில் மட்டும் வேண்டாம்! நெடிது வாழ்க, நிறைந்து வாழ்க, அம்மா!

நன்றி மறவாமல்,
இம்மடலில் ஒரு சொல்லையும் தங்களிடம் கேளாமல் எழுதிய
நடுவத்தின் ஊழியர்கள்